ஸ்கார்ப்பியன் ஈட்டி செய்யப் போய்: ஓர் ஆயுதம் 30 வருடத்தில் மாறிய வழி

"மாமா, எனக்கு ஸ்கார்ப்பியனுக்க ஈட்டி ஒண்ணு செய்து தரணும்."

தங்கச்சி மகன் கடை வாசலில் வந்து நின்று கேட்டான். ஸ்கார்ப்பியன் என்பது மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை வீடியோ கேமில் வரும் மஞ்சள் உடை நிஞ்ஜா. கயிறு கட்டிய ஈட்டியை வீசி எதிராளியை இழுப்பவன். நான் திருப்பிக் கேட்டேன்: "எந்த ஈட்டி மக்கா?"

அவன் முழித்தான். ஸ்கார்ப்பியன் என்றால் ஒரு ஸ்கார்ப்பியன், ஈட்டி என்றால் ஓர் ஈட்டி, இதில் 'எந்த' எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு நினைப்பு. போனில் ஒரு படத்தைக் காட்டினான். எலும்பும் தங்கமும் கலந்த மாதிரி ஏதோ ஒன்று, நுனியில் நெருப்பு. "இது 2019-ல வந்த ஆட்டத்துல உள்ளது" என்றேன். "நான் பார்த்து வளர்ந்தது வேற."

நாகர்கோவிலில் ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர் வேலை செய்கிற சின்னக் கடை என்னுடையது. கல்லூரி விழா, சர்ச் நாடகம், கோயில் கொடை என்று வந்தால் கிரீடம், சூலம், ரோமானியர் கேடயம் எல்லாம் செய்து கொடுப்பேன். அவன் கல்லூரி விழாவில் வேடப் போட்டி. அவன் ஸ்கார்ப்பியன், அவன் கூட்டாளி அதே ஆட்டத்தின் நீல உடை நிஞ்ஜா சப்-ஸீரோ. உடை தைக்க ஆள் இருந்தது. ஈட்டி மட்டும் என் தலையில் விழுந்தது. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரத்தில் ஒரு பொருளின் வடிவம் ஏன் மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் ஈட்டி: கோடு

மார்ட்டல் காம்பாட் 1992-ல் வந்தது. சிகாகோவில் மிட்வே நிறுவனத்தில் நாலே பேர் கொண்ட குழு. நிரல் எழுதியவர் எட் பூன், ஓவியமும் கதையும் ஜான் தோபியாஸ், பின்புலக் காட்சிகள் ஜான் வோகல், ஒலி டேன் ஃபோர்டன். வரைந்த பாத்திரங்களுக்குப் பதிலாக நிஜ ஆட்களை வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் படமாக வெட்டி ஆட்டத்தில் போட்டார்கள். ஸ்கார்ப்பியன், சப்-ஸீரோ, ரெப்டைல் மூன்று பேருமே டேனியல் பெசினா என்ற ஒரே தற்காப்புக் கலைஞர்தான். படமெடுத்தபோது அவர் போட்டிருந்தது சிவப்பு உடை. அதை மஞ்சளாக்கினால் ஒருத்தன், நீலமாக்கினால் இன்னொருத்தன். நினைவகம் கொஞ்சம் என்பதால் எடுத்த படத்தையே மூன்று பேருக்குப் பங்கு வைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஈட்டிக்கு வேலை வருகிறது. உடம்பு ஒன்று, உடை ஒன்று, முகமூடி ஒன்று. மஞ்சள் ஆளையும் நீல ஆளையும் நிறத்தைத் தாண்டிப் பிரித்துக் காட்ட ஏதாவது வேண்டும். சப்-ஸீரோவுக்குப் பனிக்கட்டி கிடைத்தது. ஸ்கார்ப்பியனுக்குக் கயிறு. ஜாய்ஸ்டிக்கைப் பின்பக்கம் இரண்டு தட்டு, 'லோ பஞ்ச்' பொத்தானை ஓர் அழுத்து, கையிலிருந்து கயிறு பாய்ந்து எதிராளி நெஞ்சில் குத்தும், "கெட் ஓவர் ஹியர்!" என்ற கத்தலோடு ஆளை இழுத்து முன்னால் நிறுத்தும். இழுபட்டவன் தலை கிறுகிறுத்து நிற்பான். அந்த நேரத்தில் கீழேயிருந்து மேலே ஓர் அப்பர்கட். குரல் எட் பூனுடையதுதான்.

அந்த ஆட்டத்தின் திரை அகலம் 400 புள்ளிகள்தான். ஈட்டி முனைக்குக் கிடைத்தது அதில் சில புள்ளிகள். அதில் கூர் உண்டா, முள் உண்டா, வளையம் உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டக்காரன் கண்ணில் பட்டது ஒரு கோடு. எங்கள் வீட்டுக் கதை இன்னும் மோசம். மார்த்தாண்டத்தில் மாமா மகன் வீட்டில் இருந்தது கேசட் போட்டு ஆடும் டிவி கேம். அதில் வந்தது கள்ள கேசட்டில் சுருக்கிய மார்ட்டல் காம்பாட். அங்கே கயிறு நாலைந்து கட்டம், முனை ஒரு கட்டம். ஆனாலும் அது ஈட்டி என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. முற்றத்தில் விளையாடும்போது துவர்த்தை, அதாவது துண்டை, முறுக்கி வீசி, அடுத்தவன் கழுத்தில் சுற்றி இழுத்து, அம்மாவிடம் அடி வாங்கியதுதான் மிச்சம். அந்தத் துவர்த்தும் எங்களுக்கு ஈட்டியாகத்தான் இருந்தது.

அதனால் நான் நோட்டில் முதலில் எழுதிய வரி: வடிவம் இல்லாமலே இந்த ஆயுதம் அடையாளமாகிவிட்டது. அடையாளம் அசைவில் இருந்தது. குத்து, இழு, நிறுத்து.

இன்னொன்றும் தோன்றியது. தேள் என்று பெயர் வைத்த ஆளுக்கு நீண்டு வளைந்து வரும் ஒரு வால், அதன் நுனியில் ஒரு கொடுக்கு. திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, பெயரும் பொருளும் நன்றாகப் பொருந்திவிட்டன.

கத்தி இல்லாமல் ஒரு வருடம், உயிரோடு ஒரு வருடம்

1993-ல் இரண்டாம் ஆட்டம். படம் தெளிவானது, ஈட்டியின் வேலை மாறவில்லை. அதே வருடம் செப்டம்பரில் முதல் ஆட்டம் வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, சூப்பர் நின்டெண்டோ பதிப்பில் ரத்தத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற வேர்வையைத் தெறிக்கவிட்டார்கள். நெஞ்சில் ஈட்டி குத்தினால் வேர்க்கிறது! சிரிப்புதான் வரும். ஆனால் கவனித்தால், ரத்தத்தைக்கூட எடுக்க முடிந்தது, கயிற்றை எடுக்க முடியவில்லை.

1995-ல் மூன்றாம் ஆட்டத்தில் ஸ்கார்ப்பியனே இல்லை. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அதே வருடம் வந்த அல்டிமேட் பதிப்பில் ஆள் திரும்பினான். இப்போது உடைக்குள் இருந்தவர் ஜான் டர்க் என்ற வேறு நடிகர். உடம்பு மாறியது, உடையின் தையல் மாறியது. கயிறு பறந்ததும் இவன் அவன்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த 1995-ல்தான் ஹாலிவுட் படமும் வந்தது. ஈட்டியின் வரலாற்றில் மிக வினோதமான வடிவம் அதில்தான் இருக்கிறது. ஸ்கார்ப்பியன் உள்ளங்கையில் ஒரு துளை. அதிலிருந்து பாம்பு மாதிரி ஓர் உயிர் நீண்டு வரும், வாயைத் திறக்கும், கடிக்க விரட்டும். அன்றைக்குப் பார்த்தபோது "இது என்ன எழவு" என்றுதான் நினைத்தேன். இப்போது ஈட்டியை என் கையால் செய்ய உட்கார்ந்தபோது அந்தப் படக்காரர்கள் மேல் மரியாதை வந்தது. ஏனென்றால், ஆட்டத்தில் யாரும் கேட்காத இரண்டு கேள்விகளுக்கு அவர்கள் ஒரே அடியில் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, எறியாத நேரத்தில் இவ்வளவு கயிறும் எங்கே இருக்கிறது? முதல் ஆட்டத்தில் அவன் இடுப்பில் ஒன்றும் தொங்குவதில்லை. இரண்டு, குத்திய முனை ஏன் உருவிக்கொண்டு வராமல் ஆளை இழுக்கிறது? படத்தின் பதில்: கயிறு உடம்புக்குள் இருக்கிறது, முனைக்குப் பல் இருக்கிறது. பார்க்கச் சகிக்காது, ஆனால் கணக்கு சரி. இந்த இரண்டாவது கேள்வி பின்னால் எனக்கு வினையாக வந்தது.

1997-ல் நாலாம் ஆட்டம் முப்பரிமாணத்துக்குப் போனது. வீடியோ எடுத்த நடிகர்கள் போய், கணினியில் செதுக்கிய உருவங்கள் வந்தன. அதுவரை பக்கவாட்டில் மட்டும் தெரிந்த கோட்டுக்கு இப்போது முன்பக்கம், பின்பக்கம், கனம் எல்லாம் வந்தாக வேண்டும். கேமரா நெருங்கி வந்தால் முனை எப்படி இருக்கும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். ஆயுதத்துக்கு உண்மையில் ஒரு வடிவம் வேண்டிவந்தது இங்கிருந்துதான். அடுத்து வந்த ஆட்டங்களில் முதுகில் வாள் ஏறியது, இடுப்பில் ஏதேதோ தொங்கின. சில வடிவங்களில் கயிறு சங்கிலியானது, மறுபடி கயிறானது. அந்த இடைக்கால வடிவங்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தேடிக்கொண்டே இருந்த காலம், அவ்வளவுதான்.

பட்டறையில்

தேடியது கிடைத்தபோது அதற்குப் பெயர் குனாய்.

குனாய் ஜப்பானியரின் பழைய கைக்கருவி. இலை மாதிரி ஒரு பட்டை, நீளக் கைப்பிடி, கடைசியில் ஒரு வளையம். தோண்ட, நெம்ப, காரையைப் பெயர்க்க என்று தோட்டக்காரனும் கொத்தனும் வைத்திருந்த சாமான். ஓரம் தீட்டுவது வழக்கமில்லை, நுனி மட்டும் கூர். வளையத்தில் கயிறு கட்டலாம். நிஞ்ஜாக்கள் கையில் அது ஆயுதமானது என்று கதைகள் சொல்கின்றன. கயிற்று முனையில் கூர் கட்டி வீசுவது சீனத்திலும் தனி வித்தையாகவே இருக்கிறது. முதலில் வெறும் 'ஈட்டி' என்று இருந்தது, போகப்போக இந்தக் குனாய் வடிவத்தில் வந்து நிலைத்தது.

நான் 2021 படத்தில் வரும் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். காரணம் சொல்கிறேன். அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஹிரோயுகி சனாடா நடித்த ஹன்ஸோ ஹஸாஷியின் வீட்டைத் தாக்குகிறார்கள். அவன் கையில் ஆயுதம் இல்லை. மனைவி தோட்டத்தில் மண் கிளறிக்கொண்டிருந்த கருவி கிடக்கிறது. அதில் கயிற்றைக் கட்டிச் சுழற்றுகிறான். 29 வருடம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்த ஆயுதத்துக்கு ஒரே காட்சியில் வீடும் மனைவியும் மண்ணும் கிடைத்துவிட்டது. எனக்குத் தெரிந்து இந்த ஆயுதத்துக்கு நடந்த நல்ல மாற்றங்களில் முதலிடம் இதற்குத்தான். நெருப்பு, எலும்பு எல்லாம் அப்புறம்.

அந்தக் காட்சி எனக்குப் பிடித்ததில் ஊர்ப் பாசமும் உண்டு. வேலைக் கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த மனிதர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பனையேறிகள் பாளை அரிவாளைப் பெட்டியில் வைத்து இடுப்பில் கட்டித்தான் ஏறுவார்கள். குலசேகரம் பக்கம் போனால் விடியும் முன்னே ரப்பர் வெட்டுக் கத்தியோடு ஆட்கள் தோட்டத்துக்குள் நடப்பதைப் பார்க்கலாம். இந்தக் கத்திகளின் வளைவு, பிடி, கனம் எல்லாம் வேலை சொல்லிக் கொடுத்தவை. யாரும் அழகுக்காக வரைந்ததில்லை.

சரி, பட்டறை. தக்கலை போகிற வழியில் எனக்குப் பழக்கமான ஓர் ஆசாரி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பவர். போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னது, கரண்டியா?"

"ஈட்டி, ஆசாரியே. கயிற்றில கெட்டி எறியது."

"கெட்டியது எதுல?"

கைப்பிடி முனையில் இருந்த வளையத்தைக் காட்டினேன். அவர் கூரைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கவில்லை. வளையத்தையே பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். "ஒட்டு வச்ச வளையம்னா ரெண்டு இழுப்புல போவும். பட்டையிலயே தொளச்சு, அதுல நுழைக்கணும். இல்லன்னா பிடியை நீட்டி வளைச்சு உள்ள திருப்பணும். எறியதுக்குக் கூர் வேணும், சரி. இழுக்கதுக்கு வளையமாக்கும் வேணும்."

இதைக் கேட்டதும் எனக்கு உறைத்தது. 30 வருட வடிவ மாற்றத்தை நான் முனையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசிகர்கள் வரையும் ஒப்பீட்டுப் படங்களிலும் முனைதான் பெரிதாக இருக்கும். ஆனால் இந்த ஆயுதத்தின் பெயர் பெற்ற வேலை இழுப்பு. இழுப்பு நடப்பது கத்தியும் கயிறும் சேரும் இடத்தில். குனாய் வடிவம் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. வேறு எத்தனையோ அழகான முனைகள் இருக்க, கயிறு கட்டுவதற்கென்றே வளையத்தோடு பிறந்த கத்தி அது. பழைய கோட்டில் தெரியாமலிருந்த ஒரு மூட்டு, இந்த வடிவத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஆசாரி பிடியை நீட்டி வளைத்தார். உலையிலிருந்து எடுக்கும்போது பழுத்த மிளகாய் நிறம். கொறடால் பிடித்துப் பட்டடையின் கொம்பில் வைத்து நாலு தட்டு, திருப்பி மூன்று தட்டு, வளையம் மூடிவிட்டது. தண்ணீரில் முக்கவில்லை. "வெட்டியதுக்கு இல்லல்லா, இது போதும்" என்றார். சாண் அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். ஓரம் மழுங்கல், நுனியும் மழுங்கல்.

முள் எங்கே?

அன்றைக்குச் சாயங்காலம் கடைக்குக் குளச்சல்காரக் கூட்டுக்காரன் ஒருவன் வந்தான். ஆழ்கடல் போகிறவன். மேசைமேல் கிடந்த இரும்பை எடுத்துப் பார்த்து, "இது யாரைக் குத்த?" என்றான். கதையைச் சொன்னேன். ஆட்டத்தின் வீடியோவையும் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பை எழுத முடியாது.

"லேய், தூண்டில்ல பின்னால ஒரு முள்ளு வைக்கியது எதுக்கு? உருவாம இருக்க. இது வழுவழான்னு இலை மாதிரி இருக்கு. இழுத்தா ஆளு வரமாட்டான், கத்திதான் வரும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. தோண்டுகிற கருவி மண்ணிலிருந்து சுலபமாக உருவ வேண்டும், அதற்காகத்தான் அந்த இலை வடிவம். இழுத்து வருகிற கருவி உருவவே கூடாது. ஸ்கார்ப்பியன் ஈட்டி இரண்டாவது வேலையைச் செய்துகொண்டு முதலாவது வடிவத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது. சுறா பிடிக்கிறவன் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டான். ஆட்டக்காரர்கள் கோடிக்கணக்கான தடவை பார்த்தும் கண்டுகொள்ளவில்லை, நானும்தான்.

ஏன் கண்டுகொள்ளவில்லை? இழுப்பு அவ்வளவு வேகமாக நடக்கிறது. குரல் வேறு காதை நிறைக்கிறது. குத்திய நொடிக்கும் ஆள் முன்னால் வந்து நிற்கும் நொடிக்கும் நடுவே யோசிக்க நேரமில்லை. அடுத்த அடியைத் தட்ட விரல் தயாராகிறது. அசைவு பழகிவிட்டால் வடிவத்தின் பிசகைக் கண் மன்னித்துவிடும். 1995 படக்காரர்கள் மட்டும்தான் மன்னிக்காமல் பல் வைத்தார்கள். அவர்களுடைய பாம்பு அதற்குப் பின் வந்த ஆட்டங்களில் நிலைக்கவில்லை. பிசகான குனாய் நிலைத்தது.

நகைக்கடை

தங்கச்சி மகன் காட்டிய 2019 வடிவத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மிட்வே 2009-ல் திவாலாகி, வார்னர் கைக்கு உரிமை போய், அதே குழு நெதர்ரெல்ம் என்ற பெயரில் தொடர்ந்தது. 2011-லும் 2015-லும் ஆட்டங்கள் வந்தன. 2015 ஆட்டத்தில் ஸ்கார்ப்பியனையே மூன்று விதமாக ஆடலாம். ஒன்றில் வாள், ஒன்றில் நரக நெருப்பு, ஒன்றில் கூப்பிட்டால் வரும் பேய். மூன்றிலும் ஈட்டி உண்டு. மார்ட்டல் காம்பாட் 11, அதாவது 2019-ல் வந்தது, இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு வீரனுக்கும் மூன்று சாமான்களை ஆட்டக்காரனே மாற்றிக்கொள்ளலாம். ஸ்கார்ப்பியனுக்கு அவை முகமூடி, வாள், ஈட்டி. ஆடி ஆடிச் சேர்த்தால் வித விதமாகக் கிடைக்கும்.

ஈட்டிக்கு இனி ஒரு வடிவம் கிடையாது என்று அந்த ஆட்டம் சொல்லிவிட்டது. பெட்டி நிறைய வடிவங்கள். எனக்கு வடசேரி கோயில் நகைதான் ஞாபகம் வந்தது. சிவப்புக் கல் பதித்த ஜடைநாகமும் நெற்றிச்சுட்டியும் அந்த ஊர்க் கைவேலை. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ தேடி வருவார்கள். ஆனால் அங்கே கல் எத்தனை கூடினாலும் கொக்கியும் திருகும் இருக்கிற இடத்தில் இருக்கும், ஏனென்றால் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். அந்த ஆட்டத்தின் சில ஈட்டிகளில் எனக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியவில்லை. அழகுதான். எறிந்தால் கையைத்தான் முதலில் கிழிக்கும். தங்கச்சி மகனுக்கு இந்தக் கருத்து துளியும் பிடிக்கவில்லை. "மாமாவுக்கு வயசாச்சு" என்றான். இருக்கட்டும்.

2023-ல் வந்த புதிய ஆட்டத்தில் கதையையே புரட்டி, ஸ்கார்ப்பியன் என்ற பெயரை ஹன்ஸோவிடமிருந்து எடுத்து, சப்-ஸீரோவின் தம்பி குவாய் லியாங்கிடம் கொடுத்துவிட்டார்கள். முகமூடிக்குப் பின்னால் இருக்கிற ஆள் வேறு, அவன் பகை வேறு, பிறப்பு வேறு. கயிறு மட்டும் அதே கயிறு. ஆள் மாறலாம், ஈட்டி மாறக்கூடாது என்ற நிலைக்கு 31 வருடத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

செய்ததும் சொதப்பியதும்

இரும்பை மேடைக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று முதலிலேயே தெரியும். ஆசாரி அடித்தது அச்சு எடுக்கத்தான். மேடைக்குப் போவது ரப்பர். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில்தான் விளைகிறது. அமோனியா கலந்து கடைந்த பால், ரப்பர் 60 சதவீதம் இருக்கும், கேனில் கிடைக்கும். இரும்புக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டர் அச்சு எடுத்து, காயவைத்து, உள்ளே பாலை ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, சுவரோரம் தோல் மாதிரி ரப்பர் படியும். அரை மணி கழித்து மிச்சப் பாலைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே பொந்தாக ஒரு கத்தி கிடைக்கும்.

எனக்கு முதல் தடவை கிடைக்கவில்லை. அச்சிலிருந்து சுலபமாக வரட்டும் என்று உள்ளே தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். புட்டுக்குழலுக்குத் தடவுகிற புத்தி. எண்ணெய் பிளாஸ்டரின் வாயை அடைத்துவிட்டது, உறிஞ்சவே இல்லை. மறுநாள் காலையில் கவிழ்த்தால் பால் அப்படியே ஓடி வந்தது. கடை முழுக்க அமோனியா நாற்றம். ஸ்டிக்கர் வாங்க வந்த ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார். புது அச்சு எடுத்து, எண்ணெய் இல்லாமல் ஊற்றினேன். தோல் வந்தது. ஊற்றும்போது பால் வெள்ளை, காய்ந்ததும் பனங்கற்கண்டு நிறம். பவுடர் தட்டி உரித்தேன். நுனி மட்டும் பாவைக்காய் மாதிரி வளைந்து தொங்கியது.

அப்புறம்தான் ஆசாரி சொன்னது ஞாபகம் வந்தது. வளையத்தையும் ரப்பரிலேயே வார்த்திருந்தேன். கயிறு கட்டிச் சும்மா ஒரு வீசு வீசியதும் வளையம் கிழிந்து, கத்தி எதிர்க்கடை தகரத்தில் போய் விழுந்தது.

மூன்றாவது தடவை வழியை மாற்றினேன். கயிற்றையே கத்திக்குள் விட்டேன். செருப்புக்குப் போடும் ஃபோம் ஷீட்டில் இரண்டு இலை வெட்டி, நடுவில் கயிற்றின் ஒரு முனையை நுனி வரை கொண்டுபோய், பசை போட்டு ஒட்டி, மேலே பாலை ஆறு பூச்சு மெல்லிசாகத் தடவினேன். பார்வைக்கு ஒரு பித்தளை வளையம், வடசேரியில் பாத்திரக் கடையில் வாங்கியது. கயிறு அதற்குள் நுழைந்து போவது மாதிரி தெரியும், உண்மையில் கத்தியின் முதுகெலும்பே கயிறுதான். எத்தனை தடவை வீசினாலும் பிரியவில்லை.

கயிறு எது என்பதில் கடைசிச் சண்டை. அவனுக்குப் பிளாஸ்டிக் சங்கிலி வேண்டும். எனக்குத் தேங்காய்த் தும்புக் கயிறு. 1992-ன் அந்தப் பழுப்புக் கோட்டுக்குக் தேங்காய்க் கதம்பையிலிருந்து திரித்த கயிற்றை விட நெருக்கமான நிறம் வேறு எதுவுமில்லை என்றேன். கை அறுக்கும் என்றான். கையுறை போடத்தானே போகிறாய் என்றேன். நாலு மீட்டர் வெட்டினோம்.

மேடையில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் "கெட் ஓவர் ஹியர்" போட்டதும் அவன் வீசினான். கத்தி சப்-ஸீரோவின் நெஞ்சில் தட்டி, ஒத்திகையில் விழுந்த மாதிரியே பொத்தென்று கீழே விழுந்தது. கூட்டாளி தானாக முன்னால் ஓடி வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் தும்பின் பிசிறு அவன் முகமூடித் துணியில் பற்றிக்கொண்டது. இவன் இழுத்தான். முகமூடியோடு ஆளும் நாலடி தடுமாறி வந்து நின்றான், முகம் முழுக்கத் திகைப்பு. மண்டபம் அதிர்ந்தது. நிஜமாகவே இழுபட்ட சப்-ஸீரோவை அன்றைக்குத்தான் பார்த்தேன். குளச்சல்காரனுக்கு வீடியோ அனுப்பினேன். "முள்ளு கயிற்றில இருக்கு" என்று பதில் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் பித்தளை வளையத்தைச் சுற்றியிருந்த ரப்பர் கறுத்து, பிசுபிசுவென்று இளகிவிட்டது. செம்பு சேர்ந்த எதுவும் ரப்பருக்கு ஆகாது. ரப்பர் தோட்டக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. இனி செய்தால் இரும்பு வளையம்தான்.

இந்த வருடமும் விழா வந்தது. அச்சு எடுக்க அந்த இரும்பைக் கேட்டு வீட்டுக்கு வந்தான். கடையிலும் இல்லை, அலமாரியிலும் இல்லை. கடைசியில் பின்பக்கம், பிச்சிச் செடி மூட்டில் கிடைத்தது. அம்மா அதால் களை கிளறி, வளையத்தில் ஒரு சணல் கட்டி, வேலை முடிந்ததும் மோட்டார் ரூம் ஆணியில் தொங்கவிடுவாராம்.

"ஆச்சி, இது ஸ்கார்ப்பியனுக்க ஈட்டியாக்கும்."

"யாருக்கதா இருந்தாலும் எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால அந்த மண்ணைத் தட்டிட்டுப் போ. சணலை அவுக்காத, திரும்பக் கொண்டு வா."